ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தவள்

அந்தப் பையை மேல வைக்காதீங்க தம்பி, மடியிலேயே வெச்சுக்கிடுங்க. உள்ளே கம்ப்யூட்டர்தானே? பையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. பஸ்ல இத்தனை சீட்டு காலியா இருக்கும்போது உங்க பக்கத்துல வந்து உட்கார்ந்தது அதுக்காகத்தான். நானும் திருநெல்வேலிக்குத்தான் போறேன். போய்ச் சேருறதுக்குள்ள உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேட்டுக்கிடணும்.

கம்ப்யூட்டர்ல ஒரு ப்ரோக்ராமை ஏத்தியாச்சு. அதோட சேர்ந்து ஒரு ஆளும் வீட்டுக்குள்ள வந்துட்டான். ப்ரோக்ராம் இருக்கட்டும். ஆளை மட்டும் வெளியேத்தணும். என் வீட்டுக்காரிக்குத் தெரியாம. வழி இருக்கா?

உடனே தலையை ஆட்டாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பேரு பூவலிங்கம். கோவில்பட்டியில ஒரு கல்யாண மண்டபத்துல மேனேஜரா இருந்து ஓய்வு பெற்றவன். சாதாரண மேனேஜர்னு நினைச்சுராதீங்க. ஒரு தடவை ஒரே முகூர்த்தத்துல மாடியில ஒரு கல்யாணம், கீழே ஒரு கல்யாணம். மாப்பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மீசை. படி மாறி ஏறி, மணவறை மாறி உட்கார்ந்துட்டாங்க. நான் என்ன பண்ணினேன்? மேளக்காரருக்குக் கண்ணைக் காட்டிக் கெட்டிமேளம் தட்டச் சொல்லி, அந்தச் சத்தத்துல ரெண்டு பேரையும் தூக்கி மாத்தி உட்கார வெச்சேன். பொண்ணுகளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இதை நீங்க நம்புறீங்க, முகத்துலயே தெரியுது. என் வீட்டுக்காரி நம்பமாட்டா. "போன தடவை சொன்னப்ப மூணு கல்யாணம்ல இருந்துச்சு" அப்படிம்பா.

அவ பேரு செண்பகவல்லி. பத்திர ஆபீசுல கிளார்க்கா இருந்தவ. கிரயம், அடமானம், பாகப்பிரிவினைன்னு ஊர்ச்சொத்து முழுக்க அவ கண்ணு வழியாத்தான் கை மாறியிருக்கு. எந்தக் காகிதத்தையும் முதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் படிக்காமக் கையெழுத்துப் போடமாட்டா. மருந்துக் கடையில கொடுக்கிற பில்லுக்குப் பின்பக்கம் என்ன அச்சடிச்சிருக்குன்னு திருப்பிப் பார்க்கிற ஜென்மம்.

ரெண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் செஸ் ஆடுவோம். அது ஒண்ணுதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. அவ யோசிப்பா, நான் கதை சொல்லுவேன். அடுப்புல பால் பொங்குதுன்னு அவ எந்திரிச்சுப் போனா, அவளோட யானை ஒண்ணு என் துண்டுக்குள்ள போயிரும். களவு இல்லை தம்பி, ஆட்டத்துக்குக் கொஞ்சம் உப்பு. ஒருநாள் துவைக்க எடுத்த துண்டுல இருந்து ஒரு மந்திரியும் ரெண்டு சிப்பாயும் கல்லுமேல விழுந்துட்டாங்க. அவ சத்தம் போடலை. காய்களைப் பெட்டியில அடுக்கினா. "இனி உங்ககூட ஆடமாட்டேன்"னா. அவ்வளவுதான்.

சரி, நாலு நாள்ல கோபம் ஆறிரும்னு இருந்தேன். அதுக்குள்ளதான் எதிர்வீட்டு ஞானதிரவியம் சார் உள்ளே நுழைஞ்சார்.

டெலிபோன் ஆபீசுல இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி தவறிப்போய் ரெண்டு வருஷம் இருக்கும். காலையில எழுந்ததுமே இஸ்திரி போட்ட சட்டை. சட்டைப்பையில பேனா. வீட்டுக்குள்ள இருக்கிறவருக்குப் பேனா எதுக்கு? கேட்டா நம்மைப் பொறாமைக்காரன்னு சொல்லுவாங்க. எனக்குப் பொறாமையே கிடையாது, அது வேற விஷயம்.

அவர் வாசல்ல நின்னு சொல்லுதார்: "மேடம், உங்க மக விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கு? அதுல நான் செஸ் ஏத்தித் தாரேன். அது காயைத் துண்டுல முடிஞ்சு வைக்காது."

துண்டு விஷயம் அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க.

மறுநாள் சாயங்காலம் வந்துட்டார். கையில சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவ். அதைச் சொருகினார். "இதுக்குப் பேரு செட்டப் மேடம். இது ஆட்டம் இல்லை, ஆட்டத்தைக் கொண்டுவந்து இறக்கி வைக்கிற ஆளு"ன்னு ஆரம்பிச்சார். எனக்குச் சொல்லித்தரணுமா? எத்தனை சமையல் கோஷ்டியைப் பார்த்தவன் நான்! முதல்ல ஒருத்தர் வந்து அடுப்படி எவ்வளவு அகலம், தண்ணி வருதான்னு பார்ப்பார். செட்டப்பும் அதேதான், வட்டுல இடம் இருக்கான்னு பார்க்கும். எங்கே இறக்கன்னு கேட்கும். பிறகு மூட்டையைப் பிரிக்கும். அண்டா ஒரு பக்கம், கரண்டி ஒரு பக்கம்னு ஒவ்வொண்ணையும் அதது இருக்கவேண்டிய இடத்துல வைக்கும். எதை எங்கே வெச்சோம்னு குறிச்சுக்கிடும். கடைசியா வாசல்ல ஒரு போர்டை மாட்டிட்டுப் போயிரும். அந்தப் போர்டைத் தட்டினாப் பந்தி நடக்கும். நான் இப்படிச் சொன்னதும் ஞானதிரவியம், "அருமையாச் சொன்னீக அண்ணாச்சி"ன்னார். என் வீட்டுக்காரி திரும்பியே பார்க்கலை.

ரெண்டு தட்டு தட்டினதும் ஒரு ஜன்னல் வந்தது. உள்ளே பொடி எழுத்துல இங்கிலீஷ். கீழே ஒரு கட்டம்: ஒப்புக்கொள்கிறேன். ஞானதிரவியம் அதைத் தட்டப் போனார்.

"நில்லுங்க சார்" அப்படின்னா செண்பகவல்லி. "இது என்ன?"

"ஒப்பந்தம் மேடம். இதை யாரும் படிக்கமாட்டாங்க. தட்டிட்டுப் போயிரலாம்."

"படிக்காம எப்படி சார் சம்மதம் கொடுக்கது? யாருக்கும் யாருக்கும் ஒப்பந்தம்?"

"கம்பெனிக்கும் உங்களுக்கும்."

"அப்போ முதல் வரியில இருந்து வாசிங்க. எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அர்த்தத்தைச் சொல்லிட்டு மேல போங்க."

அன்னிக்கு ஆரம்பிச்சது தம்பி. ஊர் உலகத்துல எத்தனை கோடி கம்ப்யூட்டர் இருக்கு? அந்தப் பொடி எழுத்தை முழுசாப் படிச்ச ரெண்டே ஜீவன் கோவில்பட்டியில, என் வீட்டு ஹால்ல, என் நாற்காலியில உட்கார்ந்து படிச்சாங்க. ஒரு சாயங்காலத்துக்கு ரெண்டு பத்தி நகர்ந்தாப் பெரிசு. அந்த ஒப்பந்தத்தை இழுத்து நீட்டினா இங்கிருந்து நாகர்கோவில் வரைக்கும் போகும்.

"இதன் மூலம் மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை, உபயோகிக்க அனுமதி மட்டுமே"ன்னு அவர் வாசிப்பார். "அதாவது கிரயம் இல்லை, அனுபவ பாத்தியதை மட்டும். சொத்து அவங்களுது, குடியிருக்கலாம்"னு இவ சொல்லுவா. "ஆஹா மேடம், கரெக்ட்!" இப்படி அவர். அதுக்கு ஒரு சிரிப்பு.

இன்னொரு நாள், இந்த ஆட்டத்தை அணு உலையில பயன்படுத்தக்கூடாதுன்னு ஒரு ஷரத்து. இவ கேக்குதா: "ஏன் சார், கூடங்குளத்துல உட்கார்ந்து ஒருத்தன் குதிரையை நகர்த்தினா என்ன ஆயிரும்?" ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல மேஜைமேல இருந்த முறுக்குத் தட்டு குலுங்கிச்சு. ரெண்டு மாப்பிள்ளைகளை நான் மாத்தி உட்கார வெச்ச கதைக்கு இந்தச் சிரிப்புல கால்வாசி உண்டா?

காபி வேற. எனக்கு எப்பவும் எவர்சில்வர் டம்ளர். அவருக்குப் பூப்போட்ட கோப்பை, கீழே சாசர். அந்தக் கோப்பை எங்க வீட்டுல இருக்குங்கிறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

எனக்குப் பொறாமையே கிடையாதுன்னு சொன்னேன்ல? அதனால அமைதியா ஒரு காரியம் பண்ணினேன். படிச்ச இடம் தவறிரக்கூடாதுன்னு அவங்க ஜன்னலைத் திறந்தபடியே விட்டுட்டுப் போவாங்க. செண்பகவல்லி கோயிலுக்குப் போன நேரமாப் பார்த்து நான் ரத்துங்கிற கட்டத்தைத் தட்டிட்டேன். "நிஜமாவே நிறுத்தவா?"ன்னு மரியாதையாக் கேட்டுச்சு. நிறுத்துன்னேன். போயே போச்சு.

மறுநாள் வந்து பார்த்தார் மனுஷன். "கரண்டு போயிருக்கும் மேடம். திரும்பத் திறந்துக்கிடலாம். நாம இருபதாவது பத்தியிலதானே இருந்தோம்?"

"அது எப்படி சார்? பத்திரம் ஒரு தடவை கைவிட்டுப் போயிட்டு வந்திருக்கு. நடுவுல ஒரு சொல்லு மாறியிருந்தா? முதல்ல இருந்து படிங்க."

ஞானதிரவியம் முகத்தைப் பார்க்கணுமே நீங்க. வருத்தப்படுவார்னு நினைச்சீங்களா? சட்டைப்பைப் பேனாவைச் சரிபண்ணிக்கிட்டு, "அதுக்கென்ன மேடம், எனக்குச் சாயங்காலம் ஒரு சோலியும் இல்லை"ன்னு உட்கார்ந்தார். கோப்பை வந்தது. சாசர் வந்தது.

எனக்கு அப்பவும் புத்தி வரலை. திரும்ப ரத்து பண்ணினேன். திரும்ப முதல் வரி. கூடங்குளத்துக்குத் திரும்ப அதே சிரிப்பு, ஏதோ அன்னிக்குத்தான் புதுசாக் கேட்ட மாதிரி. நான் தட்டத் தட்ட அவர் வருகை நீண்டுக்கிட்டே போச்சு. ஒருநாள் சாயங்காலம் அவருக்குத் தலைகாணி போட்டு நாற்காலியை வசதி பண்ணிக் கொடுத்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கிச்சு. இந்த ஆளு போகணும்னா, அந்த ஆட்டம் ஏறி முடியணும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவ கோயிலுக்குப் போனா. நான் உட்கார்ந்தேன். ஒப்புக்கொள்கிறேன். தட்டியாச்சு! எங்கே இறக்கன்னு கேட்டுச்சு. நீ பார்த்த இடத்துலேயே இறக்கிக்கோன்னேன். ஒரு பச்சைக்கோடு புறப்பட்டுச்சு. கீழே என்னென்னவோ பேரெல்லாம் பந்தியில இலை போடுற வேகத்துல ஓடுது. முக்கால்வாசி வந்தப்ப வாசல் கேட் அசையுற சத்தம். பதறிப்போய் ரத்தைத் தட்டிட்டேன். என்ன ஆச்சு தெரியுமா? அந்தப் பச்சைக்கோடு வந்த வழியே பின்னால நடந்து போச்சு தம்பி! கல்யாணம் நின்னுபோனா சமையல் கோஷ்டி ஒரு கரண்டி பாக்கி இல்லாம எல்லாத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போகும்ல, அதே மாதிரி. பார்த்தா, கேட் பக்கத்துல நின்னது ஒரு ஆடு.

மனசைத் திடப்படுத்திக்கிட்டு மறுபடி தட்டினேன். இந்தத் தடவை பாதியில நின்னு, "நான் ஏறணும்னா முதல்ல இன்னொரு ப்ரோக்ராம் ஏறணும், அதையும் சேர்த்து இறக்கவா?"ன்னு கேட்டுச்சு. தோசைக்கல்லு கொண்டுவரலையாம், வாங்கித் தரணுமாம். சரி, அதையும் இறக்கு, ஊரையே கூட்டிட்டு வந்து இறக்குன்னேன். கோடு நகர்ந்துச்சு. கடைசி மயிரிழையில நின்னுக்கிட்டு ஒரு பாடு படுத்திச்சு பாருங்க, நான் மண்டபத்துல தாலி வர லேட்டானப்பகூட அப்படி வேர்க்கலை. பிறகு முடிந்ததுன்னு ஒரு கட்டம். திரையில ஒரு குதிரைத் தலை வந்து உட்கார்ந்துச்சு.

சாயங்காலம் ஞானதிரவியம் வந்து திறந்தார். "மேடம்... ஏற்கெனவே ஏறியிருக்கு."

செண்பகவல்லி என்னைப் பார்த்தா. "யாரு சம்மதம் கொடுத்தது?"

"நான்தான். ஏன், எனக்கு இந்த வீட்டுல பாத்தியதை இல்லையா?"

"படிச்சீகளா?"

"வரி விடாம."

"கடைசிப் பத்தியில என்ன இருந்துச்சு?"

"ராணி வெட்டுப்பட்டாக் கம்பெனி நஷ்டஈடு தராதுன்னு இருந்துச்சு."

ஞானதிரவியம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். தோள் குலுங்குது. இவ சிரிக்கலை. "சரி. கையெழுத்து உங்களுது. வில்லங்கம் வந்தா உங்க தலையில. நான் ஆடுதேன்"னா. அவர் மெதுவா எழுந்து, "அப்போ என் வேலை முடிஞ்சுது மேடம்"னுட்டுப் போனார். வாசல்வரைக்கும் நானே போய் வழியனுப்பி, கேட்டை ரெண்டு தாழ்ப்பாளும் போட்டேன்.

ஜெயிச்சுட்டேன்னு நினைக்கிறீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ஆட்டம் திறந்ததும் ரெண்டு கேள்வி கேட்டுச்சு. உன் பேரு என்ன? அவ பேரை அடிச்சா. உன்னை எதிர்த்து ஆடுற கம்ப்யூட்டருக்கு என்ன பேரு வைக்க? கொஞ்சம் யோசிச்சா. ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிச்சா. நான் எட்டிப் பார்க்குதேன். பூவலிங்கம்!

தம்பி, கல்யாணம் ஆகி நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. என் பேரை அவ ஒரு தடவைகூட வாயால சொன்னது கிடையாது. காகிதத்துல எழுதுவா. சொல்லமாட்டா. எங்க பக்கத்துல அந்தக் காலத்துப் பொம்பளைங்க சொல்லமாட்டாங்க. ஆசுபத்திரியில நர்ஸ் கேட்டாலும் சீட்டைத்தான் நீட்டுவா. அப்பேர்ப்பட்டவ கம்ப்யூட்டருக்கு என் பேரை வைக்கான்னா எனக்கு எப்படி இருக்கும்? "ஏன் இந்தப் பேரு?"ன்னேன். "இத்தனை வருஷம் வேற யாரோட ஆடினேன்? எதிர்ல வேற பேரு இருந்தா எனக்கு ஆட்டம் ஓடாது"ன்னா. அன்னிக்கு ராத்திரி ரெண்டு தோசை கூடுதலாச் சாப்பிட்டேன்.

ரெண்டு நாள்தான். பிறகு கவனிக்க ஆரம்பிச்சேன். ஹால்ல இருந்து, "என்னங்க, இப்படிப் பண்ணிட்டீகளே!"ன்னு சத்தம் வரும். நான் ஓடுவேன். "உங்களை இல்லை"ம்பா. அவனை! அவன்கூடப் பேசுதா தம்பி. "நல்லா ஆடுதீக"ங்கா. தோத்துட்டா, பூவலிங்கம் ஜெயித்தார்னு திரையில இங்கிலீஷ்ல வரும், அதைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டுச் சிரிக்கா. என்கிட்ட தோத்ததா என்னிக்காவது ஒத்துக்கிட்டிருக்காளா? கேட்டா, "அவரு களவாங்கலையே"ங்கா. அவரு!

அவ தூங்கின நேரத்துல அவனோட நானே உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். என் பேரை வெச்சுக்கிட்டு என்னையே அடிச்சான். துண்டைத் திரைமேல போட்டு எடுத்தேன். ஒரு சிப்பாய்கூட வரலை. கதை சொல்லிப் பார்த்தேன், அசையலை. அவனுக்குப் பசி இல்லை, கொட்டாவி இல்லை, ஒரு முறுக்குச் செலவு இல்லை. இப்படி ஒரு பூவலிங்கம் கிடைச்சா எந்தப் பொண்டாட்டி என்னைத் தேடுவா?

வேற வழி இல்லாம எதிர்வீட்டுக்கே போனேன்.

"வாங்க அண்ணாச்சி, அபூர்வமா இருக்கு!"

"அந்த ஆட்டத்தை எடுத்துருங்க சார்."

"எடுத்துரலாம். ஏத்தின செட்டப்பே திரும்ப எடுக்கிறதுக்கும் ஒரு வழி வெச்சிருக்கு. எதை எங்கே வெச்சோம்னு அதுக்குத் தெரியும்ல, பொறுக்கி எடுத்துரும். ஆனா மேடம் திரும்பவும் வேணும்பாங்களே?"

"கேட்டா?"

"கேட்டா ஒப்பந்தம் வரும். முதல் வரியில இருந்து படிக்கணும்." அவர் கண்ணுல ஒரு வெளிச்சம் பார்த்தேன் தம்பி. "எனக்கு ஒண்ணும் சிரமம் இல்லை அண்ணாச்சி. சாயங்காலம் சும்மாத்தான் இருக்கேன்."

எந்தப் பக்கம் போனாலும் அடி எனக்கு. யோசிச்சு, "ஆட்டம் கிடக்கட்டும். அந்தப் பேரு வெச்ச ஆளை மட்டும் எடுத்துருங்க. சும்மா கம்ப்யூட்டர்னு இருக்கட்டும்"னேன். "அது எளிசு"ன்னு கூடவே வந்தார். கம்ப்யூட்டர்ல தூசி தட்ட வந்திருக்கார்னு செண்பகவல்லிகிட்ட சொல்லிவெச்சேன். அவ காபி போட உள்ளே போனா.

என்னத்தையோ திறந்து எதையோ தட்டினார். திரையில ஒரு சின்னக் கட்டம் வந்துச்சு. அந்த மனுஷனுக்குப் பழக்கதோஷம். மனசுக்குள்ள வாசிச்சுட்டுத் தட்டவேண்டியதுதானே? சத்தமாத் தமிழ்ல அர்த்தம் சொல்லுதார்:

"பூவலிங்கத்தை நிரந்தரமாக நீக்கிவிடவா? பிறகு திரும்பக் கொண்டுவர இயலாது. ஆம், இல்லை. அண்ணாச்சி, ஆம் போட்டுரவா?"

பின்னால ஒரு சத்தம். கோப்பை, சாசர், காபி எல்லாம் தரையில. செண்பகவல்லி நிக்கா. முகம் வெளுத்துப்போச்சு. ஓடிவந்தா பாருங்க, முட்டிவலிக்காரி அவ, ஓடிவந்து அவர் கையைத் தட்டிவிட்டா. ஒரு எழுத்தைப் படிக்கலை, ஒண்ணையும் கேட்கலை, பட்டுனு இல்லைங்கிற கட்டத்தைத் தட்டினா. தட்டிட்டு அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னா:

"பூவலிங்கத்தை எவனும் நீக்கக்கூடாது! பூவலிங்கம் இந்த வீட்டுல இருக்கணும்! எந்திரிங்க சார் நீங்க!"

ரெண்டு தடவை. வாயால. ஞானதிரவியம் எழுந்து போனார், பிறகு இந்தப் பக்கமே வரலை. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்தவதான், ரொம்ப நேரம் விடலை.

எனக்கு எப்படி எரிஞ்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க தம்பி. நாற்பது வருஷத்துக்கு மேல அந்த ஒரு சொல்லுக்கு நான் காத்துக்கிட்டிருந்தேன். கடைசியில வாயைத் திறந்தா. அதையும் அந்தக் கம்ப்யூட்டர்ப் பயலுக்காகச் சொல்லிட்டாளே!